கழிவு மறுசுழற்சி ஆலைக்கு அனுமதி: விவசாயிகள் எதை, எப்போது கேட்க வேண்டும்?

பத்திரிகையின் உள்பக்கங்களில் பொடி எழுத்தில் வரும் அரசு அறிவிப்புகளை நம் விவசாயிகளில் எத்தனை பேர் படிக்கிறார்கள்? டெண்டர் அறிவிப்பு, ஏல அறிவிப்பு, பத்திரம் தொலைந்த அறிவிப்பு ஆகியவற்றுக்கு நடுவே சில நாட்களில் ‘பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்’ என்ற தலைப்பு ஒன்று இருக்கும். இன்ன தாலுகா, இன்ன கிராமம், இன்னின்ன சர்வே எண்களில் தொழிற்சாலைக் கழிவுகளைச் சேகரித்துப் பிரித்து மறுசுழற்சி செய்யும் ஆலை அமைய இருக்கிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சர்வே எண்ணுக்கு அடுத்த எண் உங்களுடையதாக இருக்கலாம். அந்த ஓடை உங்கள் ஏரிக்கு வரும் ஓடையாக இருக்கலாம்.

அறிவிப்பு வந்த நாளிலிருந்து கூட்டம் நடக்கும் நாள் வரை குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. அந்த முப்பது நாட்களில் ஒரு விவசாயி செய்து வைக்கக் கூடியதைப் பிறகு முப்பது வருஷம் அலைந்தாலும் செய்ய முடியாது. ஏன் என்பதற்குப் பாலாற்றங்கரையும் நொய்யலாற்றங்கரையும் சாட்சி.

பாலாறும் நொய்யலும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையைப் பாழாக்கிய கதை அனைவரும் அறிந்ததே. அந்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வு விவரம் அத்தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றும், தன் தொழிலால் தீங்கு வராது என்று காட்ட வேண்டிய பொறுப்பு தொழில் நடத்துபவரையே சேர்ந்தது என்றும் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இந்த இரண்டாவது கோட்பாட்டை நம் விவசாயிகள் நன்றாக மனத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். ‘கெடுதல் வரும் என்று நீங்கள் நிரூபியுங்கள்’ என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், இந்தத் தீர்ப்பின் தேதியைச் சொல்லிப் பதில் கேட்கலாம்.

தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். கைக்கு வந்தது என்ன? சூழல் இழப்பை மதிப்பிட அமைக்கப்பட்ட ஆணையம் 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம், வேலூர் பகுதியில் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று முடிவு செய்தது. வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஆளுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். கிணறு கெட்டு, தென்னை காய்ந்து, குடிக்கும் தண்ணீருக்கு அடுத்த ஊர் போனதற்கு இது விலை. இந்த விவகாரம் அதோடும் முடியவில்லை. 2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, இழப்பீட்டைக் கொடுத்து முடிக்கும்படி உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்த குழந்தைக்கு அப்போது வயது இருபத்தெட்டு!

நொய்யலின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை கட்டினார்கள். சுமார் இருபதாயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருவது நோக்கம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் அணையில் வந்து தேங்கியது. அணையைத் திறக்கச் சொல்லிப் போராடும் விவசாயிகளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே, திறக்காதீர்கள் என்று கீழ்ப்பகுதி விவசாயிகள் மன்றாடும் நிலை வந்தது. இந்தப் படுகையில் 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24 கோடியே 79 லட்சம் ரூபாய் என்று ஆணையம் மதிப்பிட்டது. ஆளுக்கு எட்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே அவற்றுக்குத் திறக்க வழி கிடைத்தது.

சுத்தம் செய்யும் ஆலைக்கும் கழிவு உண்டு

மேலே சொன்னவை கழிவை உண்டாக்கிய தொழில்கள், மறுசுழற்சி ஆலை கழிவை அகற்ற வருவதுதானே, அதைக் கண்டு பயப்படுவானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த ஆலைகள் வேண்டாம் என்று சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமில்லை. முறையான ஆலை இல்லாத ஊரில் கழிவு காற்றில் கரைந்துவிடுவதில்லை. ராத்திரியில் லாரியில் வந்து ஏரிக்கரையிலும் கல்குவாரிப் பள்ளத்திலும் கொட்டப்படுகிறது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று, குரோமியம் கலந்த கழிவை ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் திறந்த வெளியில் மலையாகக் குவித்துவிட்டுப் போனது. பெய்த மழையெல்லாம் அதில் ஊறி நிலத்தடியில் இறங்கியது. கழிவைக் கையாள ஒழுங்கான இடம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

ஆனால் ‘மறுசுழற்சி’ என்ற நல்ல பெயரைக் கேட்டவுடன் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடக் கூடாது. எள்ளை ஆட்டினால் எண்ணெயோடு பிண்ணாக்கும் வரும். கழிவை ஆட்டினாலும் அப்படித்தான். அந்தப் பிண்ணாக்கை மாடு தின்னாது என்பதுதான் வித்தியாசம்.

பழைய பாட்டரியை எடுத்துக் கொள்வோம். உடைத்து அமிலத்தை வடித்து, ஈயத் தட்டுகளை உலையில் உருக்கிக் கட்டியாக வார்க்கிறார்கள். ஈயம் திரும்பக் கிடைக்கிறது. கூடவே அமில நீர், உலைக் கசடு, புகையோடு போகும் ஈயத்தூள் மூன்றும் கிடைக்கின்றன. வாகன ஓட்டத்தில் கழியும் எண்ணெயைச் சுத்திகரித்தால் தார் போன்ற அடிக்கசடு மிஞ்சும். டயரைக் காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுத்தால் கரித்தூள் மிஞ்சும். சாயக் கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் பிரித்து நல்ல நீரை மறுபடி பட்டறைக்கே அனுப்பினால், மீதி நீரைக் காய்ச்சியபின் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சும். அதை வாங்க ஆளில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பில் படியும் சேறும் அப்படியே.

இந்த மிச்சத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? 2015ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் இரவு தூங்கிக் கொண்டிருந்தவர்கள் மீது சேறு பாய்ந்து பத்துப் பேர் மாண்டார்கள். அது சாய்க்க வந்த நிலையமல்ல, காக்க வந்த நிலையம்.

ஆகவே திட்ட அறிக்கையைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டிய பக்கம், ஆலைக்குள் என்ன வருகிறது என்பதல்ல. மறுசுழற்சி முடிந்து கடைசியில் மிஞ்சுவது என்ன, நாளைக்கு எத்தனை கிலோ, அது எங்கே போகிறது என்பது. அதை வேறு இடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னால், அந்த இடம் ஏற்றுக் கொள்ளச் சம்மதித்த கடிதம் எங்கே என்று கேளுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருப்பது போன்ற அபாயக் கழிவுப் பொது நிலத்துக்கு அனுப்புகிறார்கள் என்றால் அதற்கு ஒப்பந்தம் இருக்க வேண்டும். ‘பாதுகாப்பான முறையில் அகற்றப்படும்’ என்ற ஒரு வரி பதிலாகாது.

அனுமதி எந்தெந்த மேஜையில்?

ஓர் ஆலைக்கு ஒரே அனுமதி என்று நினைக்கிறவர்கள் பலர். ஊராட்சியில் கேட்டால் ‘வாரியம் பார்த்துக் கொள்ளும்’ என்பார்கள். வாரியத்தில் கேட்டால் ‘நிலம் எங்கள் விஷயமல்ல’ என்பார்கள். இரண்டும் பாதி உண்மை.

நிலத்தின் உபயோகம், கட்டட வரைபடம் இவற்றுக்குத் திட்ட அனுமதி தருவது நகர் ஊரமைப்புத் துறை. இதற்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களில் விளைநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற 2017இல் தனி விதிகள் வந்தன. ஊராட்சி எல்லைக்குள் தொழிற்சாலை கட்டவும் இயந்திரம் நிறுவவும் 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தில் அனுமதி விதிகள் உண்டு. தண்ணீருக்கும் காற்றுக்கும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். தண்ணீர்ச் சட்டம் 1974இல் வந்தது, காற்றுச் சட்டம் 1981இல். இசைவாணை இரண்டு முறை வாங்க வேண்டும்: ஆலையை நிறுவ ஒன்று, ஓட்ட ஒன்று. கையாள்வது அபாயகரமான கழிவாக இருந்தால் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி வாரியத்தின் தனி அங்கீகாரமும் சேரும். பெரிய வகை ஆலைகளுக்கு இவற்றுக்கெல்லாம் முன்னதாக, 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் தேதி அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும். 2018இல் வந்த ஒற்றைச் சாளரச் சட்டத்தால் தொழில் முனைவோர் மனுக்களை ஒரே இடத்தில் கொடுக்க வசதியாகிவிட்டது. ஆட்சேபிக்கும் விவசாயிக்கு மட்டும் இன்னமும் பல சாளரங்கள்தான்!

இங்கே ஒரு முக்கியமான விஷயம். எல்லா மறுசுழற்சி ஆலைக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடப்பதில்லை. அபாயக் கழிவை எரித்தும் புதைத்தும் அகற்றும் பொது நிலையங்கள், ஈயம் போன்ற நச்சு உலோகம் உருக்கும் ஆலைகள் ஆகியவை 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் சேராத சிறு ஆலைகளுக்கு வாரியத்தின் இசைவாணையும் அங்கீகாரமும் போதும். பட்டியலில் இருந்தாலும், முறைப்படி அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் அமைந்தால் கூட்டத்திலிருந்து விலக்கு உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் கூரைத் தகடு ஏறும்போதுதான் ஊருக்கே விஷயம் தெரியும். ஆகையால் பக்கத்து நிலம் பெரிய அளவில் கைமாறினாலோ, சுற்றி மதில் எழும்பினாலோ, கிராம சபையில் எழுந்து கேட்டுவிடுவது நல்லது. கிராம சபை இப்போது வருஷத்தில் ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. என்ன ஆலை, எந்த அனுமதி வாங்கியிருக்கிறது என்று கேட்டு, கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. அதிக மாசு விளைவிக்கும் தொழில்களை நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தடுக்க 1989இல் அரசாணை எண் 213 பிறந்தது. காவிரி, அதன் உபநதிகள், பாலாறு, பெண்ணையாறு, வைகை, தாமிரவருணி ஆகியவற்றுக்கு இந்தத் தூரத்தை ஐந்து கிலோமீட்டராக்கியது 1998ஆம் ஆண்டின் அரசாணை எண் 127. உங்கள் ஊருக்கு வரும் ஆலைக்கு இவை எப்படிப் பொருந்துகின்றன என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும்.

இன்றைய தண்ணீருக்கு இன்றே சான்று

பாலாற்றிலும் நொய்யலிலும் விவசாயிகள் பட்ட பெரிய கஷ்டம், ‘முன்பு தண்ணீர் நன்றாக இருந்தது’ என்பதற்குக் காகிதம் இல்லாதது. ‘உங்கள் கிணறு ஆதியிலிருந்தே உப்புதான்’ என்று எதிர்க்கட்சி சொன்னால் என்ன காட்டுவது? ஆகவே அறிவிப்பு வந்த வாரமே கிணற்று நீரையும் மண்ணையும் சோதித்து வைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை.

கிணற்று நீர் எடுக்கும்போது மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட விட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். குழாயில் தேங்கிய நீர் உதவாது. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் மூன்று முறை அலசி ஒரு லிட்டர் பிடித்து மூடுங்கள். மருந்துப் பாட்டில், எண்ணெய்ப் பாட்டில் கூடாது. சர்வே எண், கிணற்றின் ஆழம், தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டி அன்றைக்கே சோதனை நிலையத்தில் சேர்க்க வேண்டும். மண் எடுக்க, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ எழுத்துப் போல 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, இரு பக்கத்திலும் சீவி எடுத்து, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பகுத்து எதிர்ப் பகுதிகளை நீக்கிக் கொண்டே வந்து அரை கிலோ அனுப்பினால் போதும். எருக்குவியல் இருந்த இடம், வரப்போரம், மர நிழல் இவற்றை விட்டுவிடுங்கள்.

வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்தில் கார அமில நிலை, உப்பின் அளவு, பேரூட்டச் சத்துகள் தெரிந்துவிடும். ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களுக்கு அது போதாது. அவற்றைச் சோதிக்கும் வசதியுள்ள ஆய்வுக்கூடத்தில் தனியாகக் கொடுக்க வேண்டும். அதற்கான நீரை அமிலம் சேர்த்த தனிப் பாட்டிலில் எடுப்பது வழக்கம். பாட்டிலை ஆய்வுக்கூடத்திலேயே கேட்டு வாங்குங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செலவழிக்காமல், ஆலைக்கு மேட்டுப்பக்கம் இரண்டு கிணறு, பள்ளத்துப்பக்கம் நாலைந்து கிணறு என்று ஊரே சேர்ந்து தேர்ந்தெடுக்கலாம். சித்திரையில் ஒரு தரம், மழை ஓய்ந்து தையில் ஒரு தரம் எடுத்தால் மேலும் நல்லது.

முடிவுகளைப் படிக்கச் சில எண்கள் நினைவிருக்கட்டும். குடிநீருக்கு இந்தியத் தர அளவில் கரைந்த உப்புகளின் மொத்தம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. ஈயத்துக்கு எல்லை 0.01 மில்லிகிராம், குரோமியத்துக்கு 0.05. பயிர்களைப் பொறுத்தவரை, முன்பு மில்லிமோஸ் என்று சொல்லி இப்போது டெசிசைமன் என்று சொல்லும் மின்கடத்தும் திறன் அளவுதான் கணக்கு. மண்ணில் இந்த அளவு 1-ஐத் தாண்டியதுமே பீன்ஸ் மகசூல் குறையத் தொடங்கும். வெங்காயம் 1.2, நெல் 3, பருத்தி 7.7 வரை தாங்கும். வெங்காயத் தோட்டக்காரர் முதலில் அடிபடுவார், பருத்திக்காரர் கடைசியில்தான் உணர்வார். ‘அந்தத் தோட்டத்தில் பருத்தி நன்றாகத்தானே நிற்கிறது’ என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம்.

இவற்றோடு அடங்கல் நகல், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் போட்ட சரக்கின் ரசீது, பால் சொசைட்டிப் புத்தகம் ஆகியவற்றையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். நிலம் என்ன விளைந்தது, மாடு என்ன கறந்தது என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது.

மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஈயத்தால் முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் கால்நடைதான். தூள் படிந்த புல்லை மேயும், பாட்டரித் துண்டை நக்கும். பார்வை மங்கிச் சுவரில் முட்டுவது, பல்லை நறநறவென்று கடிப்பது, தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்பது, வலிப்பு ஆகியவை ஈய நஞ்சின் அடையாளங்கள். கன்றுகள் சீக்கிரம் மடியும். மந்திரிப்பதில் நேரத்தைப் போக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டி, ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்ல வேண்டும். இது நம் வீட்டுக் கொட்டிலிலும் நடக்கக் கூடியது. செத்துப்போன டிராக்டர் பாட்டரியைக் கொட்டில் மூலையில் போட்டு வைப்பதும், சைக்கிளில் வரும் பழைய சாமான்காரரிடம் போடுவதும் நல்லதல்ல. புதுப் பாட்டரி வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். தயாரிப்பாளர்களே திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

கூட்டத்தில் பேசுவது எப்படி?

திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையும், அதன் தமிழ்ச் சுருக்கமும் கலெக்டர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், ஊராட்சி ஒன்றிய அலுவலகம் முதலிய இடங்களில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். விளைநிலம், கிணறு, ஓடை பற்றிய பக்கங்களைத் தேடிப் பாருங்கள். நஞ்சை நிலம் ‘தரிசு’ என்று எழுதப்பட்டிருக்கிறதா? மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடை படத்தில் இருக்கிறதா? விடுபட்டதைப் புலப்படத்தோடு காட்டினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

காற்றைப் பற்றியும் கவனியுங்கள். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு பருவத்தில், அதுவும் மழையில்லாத மூன்று மாதங்களில் செய்யப்படுகின்றன. ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, ஆலைக்கு வடகிழக்கே உள்ள தோட்டத்தில் புகையை இறக்கும். கார்த்திகை வாடையில் அதே புகை தென்மேற்கே திரும்பும். சித்திரையில் எடுத்த கணக்கு ஆடிக்கும் கார்த்திகைக்கும் எப்படிப் பொருந்தும்? இந்தக் கேள்வியைக் கேட்கப் பட்டப் படிப்பு வேண்டாம், நெல் தூற்றத் தெரிந்தால் போதும். அதே போல ஐப்பசி அடைமழையில் முற்றத்தில் விழும் நீர் எங்கே போகும், ஒரு நாளில் எத்தனை சென்டிமீட்டர் மழைக்குத் தொட்டி கட்டுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். மழையோடு மழையாகக் கழிவுநீரைத் திறந்து விடுவது கிராமங்களில் அடிக்கடி கேட்கும் புகார்.

கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் கலெக்டர், அல்லது கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் அந்தஸ்துக்குக் குறையாத அவரது பிரதிநிதி. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு இல்லை. பத்துப் பேர் வந்தாலும் நடந்து முடிந்ததாகவே ஆகும். ‘யாரும் போக வேண்டாம், கூட்டம் தானாக ரத்தாகிவிடும்’ என்று நம்பி ஏமாந்துவிடக் கூடாது. வருகிற ஒவ்வொருவருக்கும் பேசவும் விளக்கம் கேட்கவும் சந்தர்ப்பம் தர வேண்டும். முழுவதும் படம் பிடிக்க வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரை எழுந்து போகாதீர்கள். நீங்கள் சொன்னது விட்டுப் போயிருந்தால் அப்போதே சொல்லிச் சேர்க்கச் செய்யலாம்.

ஆத்திரத்தில் நாற்காலி பறந்த கூட்டங்களில், குறிப்பில் மிஞ்சுவது ‘பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்’ என்ற ஒரே வரி. ‘சர்வே எண் இன்னதில் உள்ள கிணற்றில் இன்ன தேதியில் உப்பு இவ்வளவு, அது இதற்கு மேல் உயராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?’ என்று எழுதிக் கொடுத்தால் அது அப்படியே கோப்பில் ஏறும். கூட்டத்துக்கு வர முடியாதவர் கடிதமாக வாரியத்துக்கு அனுப்பலாம், அதற்கும் மதிப்பு உண்டு. எதிர்ப்பதோடு நிறுத்தாமல் நிபந்தனைகளையும் கேட்பது புத்திசாலித்தனம். ஆலை எல்லையில் கண்காணிப்புக் கிணறுகள், வருஷத்தில் இரண்டு முறை சுற்றுக் கிணறுகளில் சோதனை, அதன் முடிவு ஊராட்சிப் பலகையில் தமிழில், மதிலைச் சுற்றிப் பல வரிசை மரம், லாரி வரும் பாதை, நேரம் என்று கேட்கலாம். அனுமதி தருவதாக முடிவானாலும் இவை நிபந்தனையாக ஏறினால் பின்னால் பிடி இருக்கும். ‘ஊருக்கு வேலை தருகிறோம்’ என்ற வாக்குறுதியைக் கேட்டு வாங்குகிற அளவுக்கு இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு என்பது வருத்தமான விஷயம்.

அனுமதி கிடைத்துவிட்டால்?

சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்ததை உள்ளூரில் வெளியாகும் இரண்டு பத்திரிகைகளில் நிறுவனம் விளம்பரம் செய்ய வேண்டும். அந்தப் பத்திரிகையை வெட்டி வையுங்கள். அதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை ஏற்கலாம், அதற்கு மேல் கதவு திறக்காது. தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பயிருக்கும் உடைமைக்கும் நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு கேட்க ஐந்து வருஷ அவகாசம் உண்டு. மேலே சொன்ன உறை அப்போது பேசும்.

ஆலை ஓடத் தொடங்கிய பிறகு பார்க்க வேண்டியவை சில. அபாயப் பொருள்களைக் கையாளும் தொழிற்சாலைகள், உள்ளே என்ன பொருள், எவ்வளவு, என்ன கழிவு வெளியேறுகிறது என்று வாசலில் பலகை வைக்க வேண்டும் என 2003ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பலகை இருக்கிறதா, எண்கள் எழுதியிருக்கிறதா அல்லது வெறும் பச்சை வர்ணம்தானா என்று போகும்போது பாருங்கள். அபாயக் கழிவைச் சாதாரணமாக 90 நாளுக்கு மேல் சேமித்து வைக்கக் கூடாது. பங்குனியில் பார்த்த குவியல் ஆவணியிலும் அதே இடத்தில் இருந்தால் படம் எடுத்து வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பலாம். கழிவு ஏற்றி வரும் லாரியிடம் எங்கிருந்து எங்கே போகிறது என்ற விவரச் சீட்டு இருக்க வேண்டும். சீட்டில்லாமல் ராத்திரியில் ஓடைப்பக்கம் திரும்பும் லாரியின் எண்ணைக் குறித்துக் கொண்டு போலீசுக்கும் வாரியத்துக்கும் தெரிவியுங்கள். கூட்டமாகப் போய் மறித்துக் கைகலப்பில் இறங்க வேண்டாம். வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

தண்ணீர்ச் சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி, இசைவாணைகளுக்கு வாரியம் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்தக் கழிவுநீரால் பாதிக்கப்படுகிறவர் யாராயினும் தகுந்த நேரத்தில் அதைப் பார்க்கலாம். ஐம்பது வருஷமாகச் சட்டத்தில் இருக்கும் இந்த உரிமையை அதிகம் பேர் உபயோகித்ததாகத் தெரியவில்லை. நேரில் காட்டத் தயங்கினால், 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு நிபந்தனைகளின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நகல் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தில் இசைவாணை முடியும் தேதி இருக்கும். வீட்டுக் காலண்டரில் அதற்கு மூன்று மாதம் முன்பே ஒரு வட்டம் போட்டு வையுங்கள். ஆலைக்காரர் புதுப்பிக்க மனுக் கொடுக்கும் சமயம் அதுதான். அதே சமயத்தில் உங்கள் புதுச் சோதனை முடிவையும் பழைய முடிவையும் சேர்த்துப் பின் குத்தி, பதிவுத் தபாலில் வாரியத்துக்கு அனுப்பி, ஒப்புகை அட்டையை அந்த உறையிலேயே போட்டு வையுங்கள்.